கடைசிச் சுற்றுக்கு முன் பழைய கோப்பைத் திறவுங்கள்

கேட்டவர் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கிராமத்து ஆசிரியை. வயது 38. கணவருக்கு 42, கட்டாரில் வேலை. கொழும்பில் இரண்டு முறை ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்திருக்கிறார்கள். முதல்முறை வைத்த இரண்டு கருவும் ஒட்டவில்லை. இரண்டாம் முறை ஒன்று தங்கி, ஏழாம் வாரத்தில் துடிப்பு நின்றுவிட்டது. பெரும்போக நெல் விற்ற காசோடு நகையையும் அடகு வைத்துப் பங்குனியில் மூன்றாம் முறை போகப் போகிறார்கள். இதுவே கடைசி என்று இருவரும் பேசி முடித்தாயிற்று. இம்முறை என்னென்ன கூடுதலாகச் செய்துகொள்ள வேண்டும், கரு வைத்த பின் இரவு பஸ்ஸில் ஊர் திரும்பலாமா, ஒரே வளவில் இருக்கும் அம்மாவிடம் சொல்வதா மறைப்பதா, கணவரின் இரண்டு மாத விடுமுறையை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறார்.

மகள், பெண்ணோயியல் விடுதிகளில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்தின் அளவு உங்கள் வைத்தியரின் பொறுப்பு, அதில் கை வைக்க மாட்டேன். ஆனால் முதல் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. கூடுதலாக என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு முன், போன இரண்டு முறையும் எந்த இடத்தில் தடைப்பட்டது என்று கேளுங்கள். கடைசி என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கை நீளும். புது ஊசி, புதுப் பரிசோதனை, பெரிய பெயருள்ள ஏதாவது ஒன்று. உங்களுக்கு இப்போது வேண்டியது பழைய கோப்பு.

இரண்டு சுற்றுகளின் முழு விபரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடம்பின் பதிவு, கேட்பதில் கூச்சம் வேண்டாம். எத்தனை நாள் எந்த ஊசி எவ்வளவு போட்டார்கள், எத்தனை முட்டை கிடைத்தது, அதில் முதிர்ந்தவை எத்தனை, கருவானவை எத்தனை, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை எத்தனை, கரு வைத்த அன்று கருப்பை உட்சுவரின் தடிப்பு என்ன, கருவை வைக்கும் மெல்லிய குழாய் இலகுவாக உள்ளே போனதா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பொதுவாக, எடுத்த முட்டைகளில் ஐந்தில் நான்கு முதிர்ந்திருக்கும். ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறையில் முதிர்ந்தவற்றில் பத்துக்கு ஏழு கருவாகும். அப்படிக் கருவானவற்றில் மூன்றிலொன்று முதல் பாதி வரை ஐந்தாம் ஆறாம் நாளை எட்டும். பத்து முட்டை என்று கேட்டு மகிழ்ந்தவர்கள் கையில் கடைசியில் இரண்டு கரு இருப்பது இதனால்தான். அது தோல்வியல்ல, வழமையான கணக்கு.

உங்கள் எண்கள் இந்த வழமையிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். முட்டையே குறைவாகக் கிடைத்திருந்தால் ஊசியின் வகையையும் அளவையும் பற்றிப் பேச வேண்டும். முட்டை நிறைய வந்து பாதி முதிராமல் இருந்தால், முட்டை எடுப்பதற்கு முந்திய கடைசி ஊசியின் நேரமோ வகையோ கேள்விக்குரியது. கருவாகி மூன்றாம் நாளுக்குப் பிறகு நின்றுபோயிருந்தால் முட்டையின் தரத்தோடு விந்தணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஐந்தாம் நாள் கருவை வைத்தும் ஒட்டவில்லை என்றால் கருப்பைக்குள் பார்வையைத் திருப்ப வேண்டும். உள்ளே சிறு சதை வளர்ச்சியோ, தடுப்புச் சுவரோ, உட்சுவரைத் தள்ளும் நார்க்கட்டியோ இருக்கிறதா என்று கமரா வைத்துப் பார்த்தார்களா? கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா? இந்த நீர் கோத்த குழாயை நான் அழுத்திச் சொல்வேன். அந்த நீர் கருப்பைக்குள் வழிந்தால் ஐவிஎஃப் வெற்றி ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குழாயை முன்கூட்டியே அகற்றினால் அல்லது அடைத்தால் வாய்ப்பு மீளும். ஆயிரம் துணை மருந்தைவிட இப்படி ஒரு கண்டுபிடிப்பு மேல்.

ஏழாம் வாரத்தில் இழந்ததைப் பற்றி. ஆரம்ப மாதக் கருச்சிதைவுகளில் பாதியோ அதற்கு மேலோ கருவின் நிறமூர்த்தக் (குரோமோசோம்) குறைபாட்டால் நிகழ்பவை. பெரும்பாலும் முட்டை உருவாகும் போதே அது தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் பள்ளிக்கூட மாடிப்படி ஏறியதோ, கிணற்றில் தண்ணீர் அள்ளியதோ, மோட்டார் சைக்கிளில் போனதோ அதற்குக் காரணமில்லை. யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், வயதில் மூத்தவராக இருந்தாலும், அது பிழை. இனி அப்படி நடக்காமல் பார்க்கக்கூடியவை சில உண்டு: தைரொய்ட், நீரிழிவு, இரத்தம் உறையும் போக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்கள். இந்தக் கடைசிப் பரிசோதனை நேர்மறையாக வந்தால் பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும். எனவே பங்குனிக்குத் திட்டமிடுபவர்கள் கார்த்திகையிலேயே தொடங்க வேண்டிய வேலை அது. ஒரே ஓர் இழப்புக்கு இது தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

இனி, உங்களிடம் விற்கப்படும் கூடுதல்கள். கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று கொஞ்சக்காலம் நம்பினார்கள். 1,364 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியானது. சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் ஒரே அளவு, நூற்றுக்கு 26.1. கருவை எந்த மணித்தியாலத்தில் வைப்பது என்று உட்சுவரைக் கிள்ளிச் சோதிக்கும் முறையும் 2022இல் வெளிவந்த ஆய்வில் பலனைக் கூட்டவில்லை. நோய் எதிர்ப்பை அடக்கவென்று கொழுப்புத் திரவம் ஏற்றுவதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. கருவின் நிறமூர்த்தங்களைச் சோதிப்பது இவற்றைவிடக் கொஞ்சம் வேறு விடயம். கருக்கள் பல இருந்தால் எதை முதலில் வைப்பது என்று அது வழிகாட்டலாம், கருச்சிதைவைக் குறைக்கவும் கூடும். ஆனால் இருக்கும் கருவை அது நல்லதாக மாற்றாது. இரண்டே கரு உள்ளவருக்கு அதில் செலவழிப்பதால் கிடைப்பது சொற்பம். யாராவது ஒன்றைப் பரிந்துரைத்தால் இதை மட்டும் கேளுங்கள்: “இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுமா? என் கோப்பில் உள்ள எந்தக் குறைக்கு இது பதில்?” பதில் தெளிவில்லாமல் வந்தால் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

வாய்ப்பையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் கருவள ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 2019ஆம் ஆண்டுக் கணக்கில், சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்தபோது குழந்தை பிறந்த வீதம் நூற்றுக்கு, 35 வயதுக்குக் கீழ் 32, 38–39 வயதில் 19, 40–42 வயதில் 11. ஏறக்குறைய ஐந்திலொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியமல்ல, பாதியுமல்ல. அடகு வைக்கும் நகையைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த எண் உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“கடைசி” என்றால் எது கடைசி என்பதையும் இப்போதே பேசுங்கள். கடைசியாக முட்டை எடுப்பதா, கடைசியாகக் கரு வைப்பதா? மூன்று கரு உருவாகி ஒன்றை வைத்து, இரண்டை உறைய வைத்திருந்தால், அவற்றை வைப்பதும் இந்தச் சுற்றுக்குள் அடங்குமா? பல குடும்பங்களில் இதை முதலில் பேசாமல் விட்டு, பிறகு ஒருவர் முடிந்தது என்றும் மற்றவர் இன்னும் இருக்கிறது என்றும் மாதக்கணக்கில் மௌனமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உறைய வைக்கும் கட்டணம், வருடாந்தச் சேமிப்புக் கட்டணம், பிறகு வைப்பதற்கான கட்டணம் மூன்றையும் ஊசி மருந்துச் செலவோடு சேர்த்து எழுத்தில் வாங்கினால் இந்தப் பேச்சு தானாகவே தொடங்கும். கடைசிதானே, இரண்டையும் வைத்துவிடுவோம் என்ற ஆசையும் வரும். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவமும் இரத்த அழுத்தமும் கூடுதல். நல்ல ஐந்தாம் நாள் கரு இரண்டு இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதுதான் என் விருப்பம். கருவின் தரத்தைப் பார்த்து வைத்தியர் வேறு சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

இடையில் இருக்கும் மாதங்களில் உங்கள் பங்கு பெரிதல்ல. ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். உங்கள் பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி சொல்வார். நீரிழிவு உள்ளவர்களுக்கும் எடை மிகக் கூடியவர்களுக்கும் அளவு வேறு. நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது எடுத்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை ஊசி தொடங்குமுன் நிறுத்துங்கள். பப்பாளி, அன்னாசி பற்றிய பயம் வேண்டாம், பழுத்ததைச் சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு உண்பதால் எதுவும் கெடாது. மீனில் சூடையும் நெத்தலியும் நல்லவை. சுறாப்புட்டை மட்டும் கொஞ்சக்காலம் தள்ளி வையுங்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். (எங்கள் பக்கத்தில் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும்.) கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தால் பிடியுங்கள், அது பங்குனிக்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஊசி போடும் நாட்களிலும் முட்டை எடுத்த கிழமையிலும் மட்டும் பட்டினியும் நீர் குடிக்காமல் இருப்பதும் கூடாது. முஸ்லிம் சகோதரிகளுக்கு நோன்பு காலம் குறுக்கிட்டால், திகதியை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கணவரின் பங்குதான் பலரும் விட்டுவிடுவது. ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும். பங்குனியில் வரப்போகும் விந்தணு மார்கழியில் கட்டாரில் உருவாகத் தொடங்குகிறது. சிகரெட், மது, வெற்றிலையோடு போடும் புகையிலை, இறுக்கமான உடையோடு அனல் பறக்கும் இடத்தில் நீண்ட வேலை, இவற்றை ஊருக்கு வந்த பிறகு நிறுத்துவதில் இந்தச் சுற்றுக்குப் பயனில்லை. அங்கிருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். உடற்கட்டுக்கு என்று சில இளைஞர்கள் போடும் ஹோர்மோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும், அப்படி ஏதும் இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஊசிகளைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலானவை குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. சிலவற்றை 25 பாகை வரை குறிப்பிட்ட காலம் வெளியே வைக்கலாம், பெட்டியின் உள்ளே இருக்கும் தாளில் எழுதியிருக்கும். பங்குனியில் மட்டக்களப்பில் அறை வெப்பம் 25 அல்ல, 30ஐத் தாண்டும். கொழும்பிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பெட்டியில், ஐஸ் கட்டியை நேராகத் தொடாமல் துணி சுற்றிக் கொண்டு வாருங்கள். உறைந்துபோன மருந்தும் கெட்ட மருந்துதான். மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். முதல் சில நாட்களின் ஸ்கேனை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ செய்து அளவுகளை அனுப்ப உங்கள் நிலையம் சம்மதித்தால், கொழும்பில் தங்கும் நாட்கள் குறையும். முட்டை எடுப்பதற்கு முந்திய கடைசி ஊசியில் மட்டும் நிமிடம் பிசகக் கூடாது. வியாழன் காலை எட்டு மணிக்கு எடுப்பதாக இருந்தால் செவ்வாய் இரவு எட்டு மணியளவில் போடச் சொல்வார்கள். அந்த இரவு நீங்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ இருக்கக் கூடாது, கொழும்பில் இருக்க வேண்டும்.

முட்டை எடுத்த அன்று மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், அன்று பயணம் வேண்டாம். கரு வைத்த பிறகு பயணம் போகலாம். படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டால் விழுந்துவிடும் பொருளல்ல, உட்சுவரின் மடிப்புக்குள் இருக்கிறது. என் ஆட்சேபம் வேறு. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் மலசலகூட வசதி இல்லாமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் பயந்து இருக்கும் இரவுதான் உடம்புக்குக் கெடுதல். முடிந்தால் ரயிலில் வாருங்கள், எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குவதைவிடச் சமைக்க வசதியுள்ள அறை ஒன்றில் தங்குவது மேல் என்பதும் என் எண்ணம். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஊசி போட ஒவ்வொரு இரவும் குளியலறைக்குள் ஒளிய வேண்டாம்.

திரும்பிய பிறகு கவனிக்க வேண்டிய அபாயம் ஒன்றிருக்கிறது. முட்டை எடுத்த பின் வயிறு இறுகி வீங்குவது, தொடர்ந்த வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது, இவை சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறிகள். கொழும்பு நிலையத்தின் தொலைபேசிக்குக் காத்திருக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, பக்கமாக இருந்தால் கல்முனைக்கோ போங்கள். சிகிச்சைச் சுருக்கத்தின் பிரதி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். விடுதியில் இரவுக் கடமையில் இருப்பவருக்கு அந்த ஒற்றைத் தாள் பேருதவி. பின்னர் கர்ப்பம் உறுதியாகி ஒரு பக்க வயிற்றில் கடும் வலி, தோள்முனையில் வலி, மயக்கம் வந்தாலும் அதே வேகம்தான். ஐவிஎஃப் செய்தாலும் கரு குழாயில் தங்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் இரத்தக் கசிவு கண்டால் முடிந்தது என்று, கருவைத் தாங்கக் கொடுக்கும் புரோஜெஸ்டரோன் மருந்தை நிறுத்தாதீர்கள். கசிந்தும் தங்கிய கர்ப்பங்கள் ஏராளம். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனையை அவசரப்பட்டுச் செய்யவும் வேண்டாம், கடைசி ஊசியின் ஹோர்மோன் பத்து நாளுக்கு மேலும் உடம்பில் நின்று பொய்யான இரண்டு கோடுகளைக் காட்டலாம். சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையை மட்டக்களப்பிலேயே செய்யலாம்; மறுபடி 48 மணித்தியாலத்தில் செய்யச் சொன்னால் அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா? மற்ற ஊர்ப் பெண்கள் மாமியாரிடம் மறைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு, கணவர் இங்கே வந்து வாழ்கிறார், அம்மா அதே வளவின் சின்ன வீட்டில் இருக்கிறார். ஐஸ் பெட்டியை அவர் கண்ணில் படாமல் கொண்டுபோக முடியாது. அதனால் சொல்லுங்கள், ஆனால் திகதிகளைச் சொல்லாதீர்கள். “பங்குனியில் வைத்தியத்துக்குப் போகிறோம், முடிவு தெரிந்ததும் நாங்களே வந்து சொல்வோம், அதுவரை கேட்காதீர்கள் அம்மா” என்று இருவரும் சேர்ந்திருந்து சொல்லுங்கள். நேர்த்திக்கடன் வைக்க வேண்டும் என்பார், வைக்கட்டும். மண்டூருக்குப் போகிறாரா மாமாங்கத்துக்குப் போகிறாரா என்பது அவர் விருப்பம். அவருக்கும் அந்த நாட்களில் கையில் ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடப்பதாக உங்கள் பெயரில் நேர்ந்துவிட்டால் மட்டும் வருடத்தை அடுத்ததற்கு மாற்றச் சொல்லுங்கள்.

முடிவு இல்லை என்று வந்தால், அடுத்தது என்ன என்று அந்த வாரமே எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. உறையவைத்த கரு இருந்தால் அது காத்திருக்கும். பிறர் முட்டையை ஏற்பது, குழந்தையைத் தத்தெடுப்பது இரண்டும் வேறு வேறு பாதைகள், இரண்டுக்கும் மார்க்கமும் குடும்பமும் சம்மதிக்க வேண்டியிருக்கும். தத்தெடுப்பை நினைத்தால், தெரிந்தவர் மூலம் குழந்தை வாங்கித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். ஏற்பவர் 25 வயதைக் கடந்தவராகவும் குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் தொடங்குங்கள்.

கடைசியாக உங்கள் கணவரின் விடுமுறை. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து, ஊசி, முட்டை எடுப்பது, ஐந்தாம் நாள் கரு வைப்பது, இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய ஏறக்குறைய ஐந்து வாரம். மாதவிடாய்த் திகதியை மாத்திரையால் ஓரளவு நகர்த்தலாம், அதை அவரது விமான டிக்கெட் வாங்குமுன் வைத்தியரோடு பேசுங்கள், டிக்கெட் வாங்கிய பிறகல்ல. அவர் வந்த முதல் கிழமையிலேயே விந்து பரிசோதனையும் ஒரு மாதிரியை உறைய வைப்பதும் நடக்கட்டும். முட்டை எடுக்கும் காலையில் பதற்றத்தில் மாதிரி கொடுக்க முடியாமல் போகும் ஆண்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், அவர்களில் யாருக்கும் குறையொன்றும் இருந்ததில்லை. எல்லாக் கருவையும் உறைய வைத்து அடுத்த மாதம்தான் வைப்பது என்று வைத்தியர் முடிவெடுத்தால், கணவர் இல்லாத நாளில் வைக்க வேண்டி வரும். அதற்குரிய சம்மதப் பத்திரத்தில் அவர் போகுமுன் கையெழுத்திட வேண்டுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் விடுமுறையை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தால் நான் சொல்லும் கணக்கு இது: முட்டை எடுக்கும் கிழமைக்கு ஒரு பகுதி, மீதி முழுவதும் பரிசோதனை முடிவு வரும் நாளுக்கும் அதன் பின்வரும் இரண்டு வாரத்துக்கும். ஊசி போடும் நாட்களுக்கு உங்கள் தங்கையோ தோழியோ போதும்.